மழைநீர்த் தேக்கக் குட்டைக்கு எவ்வளவு கொள்ளளவு வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையின் தெற்குப் புறநகரில் ஏறக்குறைய 10 ஏக்கர் நிலம், அதாவது 4 ஹெக்டேர், வீட்டுமனைப் பிரிவாக மாறப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். தரிசாகக் கிடந்தபோது மெதுவாக வடிந்த அதே மழை, சாலையும் கூரையும் வந்தபின் மூன்று நான்கு மடங்கு வேகத்தில் பக்கத்து வாய்க்காலில் போய் விழும். அந்த வேகத்தை மட்டுப்படுத்துவதற்காக வெட்டப்படும் குட்டையின் அளவை முதற்கட்டமாக எவ்வாறு மதிப்பிடுவது என்பதைக் குறித்து மனைப்பிரிவு அமைப்போரும் குடியிருப்போர் சங்கத்தினரும் இளம் பொறியாளர்களும் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. எல்லாக் கணக்குகளும் இந்த ஒரே நிலத்தை வைத்தே செய்யப்பட்டுள்ளன.

தேக்கக் குட்டைக்கும் ஏரிக்கும் என்ன வேறுபாடு?

ஏரி நிறைந்திருக்க வேண்டும். தேக்கக் குட்டை காலியாக இருக்க வேண்டும். பாசனத்துக்கோ குடிநீருக்கோ உள்ள ஏரியில் மழைக்காலம் முடியும்போது முழுக் கொள்ளளவும் இருந்தால்தான் கோடையைக் கடக்க முடியும். தேக்கக் குட்டையோ அடுத்த மழை தொடங்குவதற்குள் வடிந்து, தன் வெற்றிடத்தைத் தயாராக வைத்திருக்க வேண்டும். அதன் பயன் முழுவதும் அந்த வெற்றிடத்தில்தான் இருக்கிறது. ஆனால் உறுப்புகளைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே குடும்பம்: வரத்துக்கால் (நீர் உள்ளே வரும் கால்வாய்), கரை, மதகு (நீரை வெளியே விடும் துளை), கலங்கல் (மிகுதி நீர் வழிந்தோடும் தாழ்வான கரைப்பகுதி), போக்குக்கால் (வெளியேறிய நீர் செல்லும் கால்வாய்) ஆகிய ஐந்தும் இங்கேயும் உண்டு. ஏரியை அறிந்த ஒருவருக்குத் தேக்கக் குட்டையை விளக்குவது எளிது. மதகு எப்போதும் திறந்தே இருக்கும் ஒரு சிற்றேரி என்று சொன்னால் போதும்.

கணக்கை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பெரும்பாலானோர் மழையிலிருந்து தொடங்குகிறார்கள். போக்குக்காலிலிருந்து தொடங்குவதே சரி என்பது எங்கள் கருத்து. நிலத்தின் தாழ்ந்த மூலையில் உள்ள வடிகாலோ வாய்க்காலோ ஒரு நொடிக்கு எவ்வளவு நீரை ஏற்கும் என்பது தெரியாத வரையில், குட்டைக்கு எந்த அளவைச் சொன்னாலும் அது ஊகமே. வழக்கமான நெறி, நிலம் கட்டடமாக மாறுவதற்கு முன் அதிலிருந்து வெளியேறிய உச்ச ஓட்டத்தை மாறிய பின்னும் மிஞ்சக் கூடாது என்பதாகும். வாய்க்கால் அதையும் தாங்காத நிலையில் இருந்தால், வாய்க்காலின் திறனே எல்லையாகிறது. எனவே நில அளவை செய்யும் நாளிலேயே அந்த வாய்க்காலின் அகலம், ஆழம், சரிவு, அது போய்ச் சேரும் இடம் ஆகியவற்றையும் அளந்துவிடுவது நல்லது. அது பாதி வழியில் ஒரு சுவரில் முடிந்துவிடுவதைப் பார்க்க நேர்ந்தாலும் வியப்பதற்கில்லை.

எவ்வளவு மழைக்குக் கணக்கிட வேண்டும்?

இதில் இரண்டு முடிவுகள் உள்ளன. முதலாவது, எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை எதிர்பார்க்கப்படும் மழையை எடுத்துக்கொள்வது என்பது. இதை அனுமதி வழங்கும் அமைப்பின் விதியும், மத்திய அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பு 2019-இல் வெளியிட்ட மழைநீர் வடிகால் கையேடும் வழிப்படுத்தும். இரண்டாவது, அந்த மழை எவ்வளவு நேரத்துக்குள் பெய்கிறது என்பது. ஒரு நாளில் 200 மி.மீ. என்ற எண் மட்டும் போதாது. அதில் எவ்வளவு ஒரு மணி நேரத்தில் கொட்டியது என்பதே குட்டையின் அளவைத் தீர்மானிக்கும்.

தானியங்கி மழைமானியின் பதிவுகளிலிருந்து தயாரிக்கப்பட்ட செறிவு, கால அளவு, நிகழ்தகவு வளைவுகள் (மணிக்கு எத்தனை மி.மீ. வேகத்தில், எவ்வளவு நேரம் பெய்யும் மழை எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் என்பதைக் காட்டுபவை) உங்கள் பகுதிக்குக் கிடைத்தால் அவற்றையே பயன்படுத்த வேண்டும். கிடைக்காதபோது, இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மூன்றில் ஒரு படி விதி முதல் மதிப்பீட்டுக்குக் கைகொடுக்கும்: தேவையான நேரத்தை 24 மணி நேரத்தால் வகுத்து, அதன் கனமூலத்தை எடுத்து, 24 மணி நேர மழையால் பெருக்க வேண்டும். கணக்குக்காக 24 மணி நேர மழையை 200 மி.மீ. என்று கொண்டால், 15 நிமிடத்தில் 43.7, அரை மணியில் 55, ஒரு மணியில் 69.3, இரண்டு மணியில் 87.4, மூன்று மணியில் 100, ஆறு மணியில் 126 மி.மீ. என வருகிறது. மிகக் குறுகிய நேரங்களுக்கு இந்த விதியை அதிகம் நம்பக் கூடாது.

இன்னொரு நுட்பமும் உண்டு. செய்திகளில் வரும் நாள் மழை, காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை அளக்கப்படுவது. மழை அந்த எல்லையைப் பார்த்துப் பெய்வதில்லை. ஆகையால் உண்மையான அதிகபட்ச 24 மணி நேர மழை, பதிவான நாள் மழையைவிடச் சராசரியாக 13 முதல் 15 விழுக்காடு வரை கூடுதலாக இருக்கும் என்று கொள்வது வழக்கம்.

ஓட்டக் கெழு என்பது என்ன? அதை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பெய்த மழையில் எவ்வளவு பங்கு மேற்பரப்பில் ஓடுகிறது என்பதைக் காட்டும் எண் அது. கூரைக்கும் தார்ச்சாலைக்கும் 0.9 அளவிலும், புல்வெளிக்கும் திறந்த மண்ணுக்கும் 0.3 அளவிலும் கொள்ளலாம். நம் மனைப்பிரிவில் 65 விழுக்காடு கட்டடமும் சாலையும், மீதி 35 விழுக்காடு திறந்தவெளியும் என்றால், பரப்புவாரிச் சராசரி 0.69 ஆகிறது, 0.7 என்று எடுத்துக்கொள்வோம். முன்பு தரிசாக இருந்தபோது 0.3.

வடகிழக்குப் பருவமழையில் இந்த 0.3 சற்று ஏமாற்றக்கூடிய எண். அக்டோபர் முதல் வாரத்தில் தாகத்தோடு இருக்கும் களிமண், நவம்பர் கடைசியில் மூன்று நாள் மழையில் ஊறியபின் ஏறக்குறைய சிமெண்டுத் தரையைப் போலவே நடந்துகொள்ளும். ஆகவே மாற்றத்துக்குப் பிந்தைய கெழுவைக் கணக்கிடும்போது திறந்தவெளிக்கும் சற்று உயர்ந்த எண்ணைக் கொடுப்பதும், முந்தைய நிலைக்கான கெழுவை உயர்த்தாமல் இருப்பதும் பாதுகாப்பான பக்கம் சாய்வதாகும். இதற்கு நேர்மாறாகச் செய்து குட்டையைச் சிறிதாக்கும் கணக்குகள் நிறையப் பார்க்கக் கிடைக்கின்றன.

உச்ச ஓட்டம் எவ்வளவு வரும்?

ஓட்டக் கெழு, ஒரு மணி நேரத்துக்கான மி.மீ. அளவில் மழைச் செறிவு, ஹெக்டேரில் பரப்பு ஆகிய மூன்றையும் பெருக்கி 360-ஆல் வகுத்தால், நொடிக்கு எத்தனை கன மீட்டர் என்பது கிடைக்கும். ரேஷனல் முறை எனப்படும் இது 1851-இல் அயர்லாந்துப் பொறியாளர் மல்வேனி எழுதிய கருத்திலிருந்து வளர்ந்தது. இதில் எடுக்கவேண்டிய செறிவு, நிலத்தின் மிகத் தொலைவான மூலையில் விழுந்த துளி வெளிவாயிலை அடைய எடுக்கும் நேரத்துக்கு உரியது. அதை நீர் திரளும் நேரம் என்போம்.

தரிசு நிலத்தில் அந்த நேரம் 30 நிமிடம் என்றால், செறிவு மணிக்கு 110 மி.மீ.; உச்ச ஓட்டம் நொடிக்கு 0.37 கன மீட்டர். மனைப்பிரிவான பிறகு வடிகால்கள் நீரை விரைவாகக் கொண்டுவருவதால் நேரம் 15 நிமிடமாகக் குறைய, செறிவு மணிக்கு 175 மி.மீ. ஆகிறது, உச்ச ஓட்டம் 1.36 கன மீட்டர். கெழு இரு மடங்குக்குச் சற்று மேல்தான் உயர்ந்தது. ஆனால் ஓட்டம் 3.7 மடங்கு ஆனது. இந்த இடைவெளியை உண்டாக்கியது நேரம் குறைந்ததுதான்.

குட்டையின் கொள்ளளவு எவ்வாறு கிடைக்கிறது?

மதகின் வழியே நொடிக்கு 0.35 கன மீட்டர் வரை அனுப்பலாம் என்று முடிவு செய்துகொள்வோம். ஒரு ஹெக்டேரில் பெய்யும் 1 மி.மீ. மழை 10 கன மீட்டர்; ஆகவே 4 ஹெக்டேரில், 0.7 கெழுவோடு, ஒவ்வொரு மி.மீ. மழைக்கும் 28 கன மீட்டர் நீர் குட்டைக்கு வரும். வெளியேறும் நீருக்கு, மழை நேரத்தையும் நீர் திரளும் நேரத்தையும் (இங்கே 15 நிமிடம்) கூட்டிப் பாதியாக்கி, நொடிகளாக மாற்றி, மதகின் ஓட்டத்தால் பெருக்குகிறோம். வந்ததிலிருந்து போனதைக் கழித்தால் தேக்கவேண்டியது கிடைக்கும். இதை ஒரே ஒரு மழை நேரத்துக்குச் செய்துவிட்டு நிறுத்தக் கூடாது என்பதுதான் முக்கியம்.

15 நிமிட மழை: வரத்து 1,224, போக்கு 315, தேக்கம் 909 கன மீட்டர்.
30 நிமிடம்: வரத்து 1,541, போக்கு 473, தேக்கம் 1,068.
60 நிமிடம்: வரத்து 1,942, போக்கு 788, தேக்கம் 1,154.
90 நிமிடம்: வரத்து 2,222, போக்கு 1,103, தேக்கம் 1,119.
120 நிமிடம்: வரத்து 2,446, போக்கு 1,418, தேக்கம் 1,028.

தேக்கம் ஏறி, ஒரு மணி நேர மழையில் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்குகிறது. அந்த உச்சமான ஏறக்குறைய 1,150 கன மீட்டர்தான் நமக்கு வேண்டியது. உச்ச ஓட்டத்தைத் தரும் 15 நிமிட மழையை மட்டும் வைத்துக் கணக்கிட்டவர் 909 கன மீட்டரோடு நின்றிருப்பார்; அவருடைய குட்டை ஐந்தில் ஒரு பங்கு சிறியதாகியிருக்கும். இந்தத் துறையில் மிகச் சாதாரணமாக நேரும் பிழை இதுவே.

ஒரு நாள் மழை முழுவதையும் தேக்கிவிட்டால் இன்னும் பாதுகாப்பல்லவா?

200 மி.மீ. மழை முழுவதும் என்றால் 5,600 கன மீட்டர் ஆகும்; தேவையானதைவிட ஐந்து மடங்கு. நிலத்தின் விலையை நினைத்தால் யாரும் அதைக் கட்டப்போவதில்லை. கட்டாமல் விட்டுவிட்டு, ‘குட்டை சாத்தியமில்லை’ என்று அறிக்கை எழுதுவதற்கு மட்டுமே அந்த எண் பயன்படும்.

வெளியே உள்ள வாய்க்கால் 0.35 கன மீட்டரை ஏற்காவிட்டால்?

அப்போது கணக்கு தலைகீழாக மாறுகிறது. வாய்க்கால் 0.1 கன மீட்டரை மட்டுமே ஏற்கும் என்று கொண்டு மீண்டும் கணக்கிட்டால், ஒரு மணி நேர மழைக்கு 1,717, மூன்று மணிக்கு 2,215, ஆறு மணிக்கு 2,403, எட்டு மணிக்கு 2,398 கன மீட்டர் என வருகிறது. தேவை 2,400 ஆக, அதாவது இரு மடங்குக்கும் மேலாக உயர்கிறது. அதைவிடக் கவனிக்கவேண்டியது, நெருக்கடி தரும் மழை ஒரு மணி நேரக் கொட்டலிலிருந்து ஆறேழு மணி நேர விடா மழைக்கு மாறியிருப்பது. மதகு சுருங்கச் சுருங்க, குட்டை நீண்ட மழைக்கு அஞ்ச வேண்டியதாகிறது. வடிய எடுக்கும் நேரமும் ஒன்றரை இரண்டு மணியிலிருந்து பத்து மணி அளவுக்கு நீள்வதால், மாலையில் பெய்த மழை வடிவதற்குள் விடியற்காலையில் அடுத்த சுற்று வந்துவிடக்கூடும். நவம்பர், டிசம்பர் மாதங்களில் இது அரிதல்ல; ஆகவே இத்தகைய குட்டைகளுக்குத் தொடர் மழைநாட்களையும் வைத்துச் சோதிக்க வேண்டும்.

கன மீட்டரை நிலமாக மாற்றினால் எவ்வளவு இடம் போகும்?

1,150 கன மீட்டரோடு, கணக்கு முறையின் குறைபாட்டுக்காக 20 விழுக்காடும் வண்டலுக்காக 10 விழுக்காடும் சேர்த்து 1,500 கன மீட்டர் என்று வைப்போம். நீர் ஆழம் 1.5 மீட்டர், பக்கச் சரிவு, ஒரு மீட்டர் உயரத்துக்கு மூன்று மீட்டர் அகலம். அடிப்பகுதி 34 மீட்டருக்கு 22 மீட்டர் என்றால், நீர்மட்டத்தில் 43-க்கு 31 மீட்டர் ஆகிறது. அடிப்பரப்பு 748, நடுப்பரப்பு 1,020, மேல்பரப்பு 1,333 சதுர மீட்டர். நடுப்பரப்பை நான்கால் பெருக்கி மற்ற இரண்டோடு கூட்டி, ஆழத்தால் பெருக்கி ஆறால் வகுத்தால் 1,540 கன மீட்டர் கிடைக்கிறது.

கரையின் உச்சி நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் மேலே இருக்க வேண்டும். அதையும், சுற்றிலும் பொக்லைன் போகத்தக்க 3 மீட்டர் பாதையையும் சேர்த்தால் 52-க்கு 40 மீட்டர், அதாவது 2,080 சதுர மீட்டர். அரை ஏக்கருக்குச் சற்று மேல். மனைக் கணக்கில் ஒன்பது கிரவுண்டுக்குச் சற்றுக் கூடுதல். மொத்த நிலத்தில் ஐந்து விழுக்காடு. நிலத்தை மிச்சம் பிடிக்கச் சரிவைச் செங்குத்தாக்கும் எண்ணம் இங்கேதான் எழும். விழுந்த குழந்தை தானே ஏறி வரக்கூடிய சரிவு என்பதை மறந்துவிட்டு அந்த முடிவை எடுக்கக் கூடாது.

மதகின் துளை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

துளையின் மையத்துக்கு மேல் நிற்கும் நீரின் உயரமே ஓட்டத்தைத் தீர்மானிக்கிறது. 1.5 மீட்டர் நீர் நிற்கும்போது 0.35 கன மீட்டர் போக வேண்டுமானால், 0.6 என்ற வெளியேற்றக் கெழுவோடு (துளையில் ஓட்டம் கோட்பாட்டு அளவைவிடக் குறைவதைக் காட்டும் எண்), சுமார் 38 செ.மீ. விட்டமுள்ள வட்டத் துளை வேண்டும். ஆனால் குட்டை பாதி நிறைந்திருக்கும்போது அதே துளை 0.23 கன மீட்டரைத்தான் அனுப்பும். நம் எளிய கணக்கோ, போக்கு அதன் முழு அளவை நேர்கோட்டில் எட்டிவிடுவதாகக் கொண்டது. மேலே சேர்த்த 20 விழுக்காடு இதற்காகத்தான். விரிவான வடிவமைப்பில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரத்து, மட்டம், போக்கு ஆகியவற்றைப் படிப்படியாகக் கணக்கிட்டு இதைச் சரிபார்க்க வேண்டும்.

மழைக்காலத்தில் வெளி வாய்க்காலே ததும்பி நின்று, அதன் நீர்மட்டம் துளையை மூடிவிட்டால், இந்த எண்கள் எதுவும் நிற்காது. கடலோரத் தாழ்நிலங்களில் ஓதம் (கடல்மட்ட ஏற்றம்) ஏறும் நேரத்தில் இது நடக்கும். அங்கே வெளிமட்டத்துக்கும் உள்மட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும். சில இடங்களில் நீர் திரும்பி வராதபடி ஒருவழிக் கதவும் தேவைப்படும். துளை 20 செ.மீ. அளவுக்குச் சிறிதாகும்போது ஒரு பிளாஸ்டிக் பை போதும் அடைப்பதற்கு. ஆகவே முன்னால் குப்பை தடுக்கும் கம்பி வலை, துளையின் பரப்பைப் போலப் பல மடங்கு பரப்போடு இருக்க வேண்டும்.

கணக்கிட்டதைவிடப் பெரிய மழை வந்தால் என்ன ஆகும்?

வரும். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது, நுங்கம்பாக்கத்தில் 1976 நவம்பரில் ஒரே நாளில் 45 செ.மீ. பெய்திருக்கிறது. நம் 4 ஹெக்டேரில் 49 செ.மீ. பெய்தால், கெழுவை 0.7 என்றே வைத்தாலும் 13,700 கன மீட்டர் நீர் வரும்; குட்டையைப் போல ஒன்பது மடங்கு. அத்தகைய நாளில் குட்டை நிறைந்து வழிவதைத் தடுக்க முடியாது, எங்கே வழிய வேண்டும் என்பதைத்தான் நாம் முடிவு செய்யலாம். கலங்கல் அதற்காகவே. மதகு முழுவதும் அடைபட்டது என்று கொண்டு, 1.36 கன மீட்டரையும் 20 செ.மீ. உயரத்தில் கடத்த வேண்டுமானால் 9 மீட்டர் நீளக் கலங்கல் வேண்டும்; கரையின் உச்சிக்கு அதற்கு மேலும் 30 செ.மீ. இடைவெளி எஞ்சும். கலங்கலைத் தாண்டிய நீர் சாலை வழியாகவோ பூங்கா வழியாகவோ எந்த வீட்டுக்குள்ளும் புகாமல் வாய்க்காலைச் சேரும் பாதையை வரைபடத்தில் குறித்து, அந்தப் பாதையில் பின்னாளில் யாரும் சுவர் எழுப்பாதபடி காக்க வேண்டும்.

பக்கத்தில் உள்ள பழைய ஏரியையே தேக்கக் குட்டையாகப் பயன்படுத்தலாமா?

கவர்ச்சியான யோசனைதான், ஆனால் ஏரியின் வெற்றிடம் உங்கள் கையில் இல்லை. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. சென்னைக்குக் குடிநீர் தரும் அந்த ஏரியிலிருந்து 2015 டிசம்பர் 1 இரவு நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்க நேர்ந்தது. எப்போது, எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்ற விவாதத்துக்குள் இங்கே போகத் தேவையில்லை. ஒரே பாத்திரத்தைக் கோடைக்காக நிரப்பியும் வெள்ளத்துக்காகக் காலியாகவும் வைக்க முயல்வதன் சிக்கலை அது காட்டுகிறது. முழு நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள கொள்ளளவை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஒவ்வொரு வீட்டிலும் மழைநீர் சேகரிப்பு உள்ளதே, அது போதாதா?

தமிழ்நாட்டில் 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பின் நோக்கம் நிலத்தடி நீரை உயர்த்துவது. அதில் அது பயன் தந்திருக்கிறது. ஒரு மீட்டர் விட்டமும் மூன்று மீட்டர் ஆழமும் கொண்ட உறைகிணறு 2.4 கன மீட்டருக்குக் குறைவாகவே கொள்ளும். 1,150 கன மீட்டருக்கு ஏறக்குறைய 490 கிணறுகள் வேண்டும். அவையும் மழைக்காலத்தின் நடுவில் நிறைந்தே இருக்கும்.

நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்த இடத்தில் எவ்வளவு ஆழம் தோண்டலாம்?

மழைக்காலத்தில் நிலத்தடி நீர் எட்டும் உச்ச மட்டத்துக்கு மேலே உள்ள ஆழமே கணக்கில் சேரும். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மணற்பாங்கான இடத்தில் மே மாதம் தோண்டிப் பார்த்து, 3 மீட்டர் வரை ஈரமில்லை என்று மகிழ்ந்தால், நவம்பரில் மழை தொடங்கும் முன்பே குட்டையில் பாதி நீர் நிற்கும். அளவுகுழாய் ஒன்றை இறக்கி ஒரு பருவமழை முழுவதும் மட்டத்தைக் குறித்துவைப்பதே நம்பகமான வழி.

கொசு பெருகாதா?

ஒரு நாளுக்குள் வடிந்துவிடும் குட்டையில் பெருகாது. முட்டை கொசுவாக வளர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அடித்தளத்தை மதகை நோக்கிச் சரிவாக அமைக்காமல், ஆங்காங்கே பள்ளங்களில் நீர் தங்கவிட்டால் பெருகும்.

இந்த எளிய முறை எந்த அளவு நிலம் வரை செல்லும்?

இங்கே காட்டியது பத்து ஹெக்டேர் அளவுக்குள், ஒரே வெளிவாயில் கொண்ட நிலங்களுக்குப் பொருந்தும். அதற்கு மேல் போனாலோ, மேட்டுப் பக்கத்து நிலங்களின் நீரும் உங்கள் நிலத்தின் வழியே கடந்து சென்றாலோ, ஒன்றன்பின் ஒன்றாகப் பல குட்டைகள் இருந்தாலோ, நேரத்தோடு மாறும் ஓட்டத்தை முழுமையாகக் கணக்கிடும் மென்பொருள் தேவை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஸ்வம் (SWMM) என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. மேட்டு நிலத்து நீரைக் குட்டைக்குள் விடாமல் தனிக் கால்வாயில் கடத்திவிட இயலுமா என்று மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். இயன்றால், பாதிக் கணக்கு அங்கேயே குறைந்துவிடும்.